கெதியா, சுறுக்கா, வெள்ளன: யாழ்ப்பாணத்து அவசரச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்லூரில் கொடியேறினால் எங்கள் கொக்குவில் வீட்டில் கனடாவும் லண்டனும் வந்து இறங்கிவிடும். பெட்டிகள் விறாந்தையில், பிள்ளைகள் கிணற்றடியில். திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாளும் அந்தப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தமிழ் சொல்லிக் கொடுப்பது பெரியம்மாவாகிய என் பொறுப்பு. நான் எழுத்து, வாசிப்பு என்று ஆயத்தமாக இருப்பேன். அவர்கள் கேட்பதோ ஒரே ஒரு சொல்லைப் பற்றி. குளிக்கக் கெதியா, சாப்பிடக் கெதியா, தேர் பார்க்கக் கெதியா என்று நாள் முழுக்க அவர்களை விரட்டும் சொல் அதுதானே.

பிள்ளைகள் கேட்டு முடிய அவர்களின் தாய் தகப்பன் கேட்பார்கள். பிறகு தமிழ்நாட்டிலிருந்து வரும் சிநேகிதர்கள், கடைசியில் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி வாய் நொந்துதான் எழுதி வைத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

கெதியா எண்டா என்ன?

விரைவாக. "பால் பொங்குது, கெதியா ஓடி வா." "மழை இருட்டுது, உடுப்பைக் கெதியா எடு." அவ்வளவுதான். இன்னும் அவசரம் என்றால் இரட்டித்துக் "கெதி கெதியா" என்போம். மிகவும் என்ற பொருளுக்கு முன்னால் "வலு" போட்டு "வலு கெதியா" என்போம். ஆளை விரட்ட வேண்டுமென்றால் "கெதிப்பண்ணு".

எழுதும்போது சிலர் கெதியாக, கெதியாய் என்று முழுதாக எழுதுவார்கள். பேச்சில் கடைசி எழுத்து தேய்ந்து கெதியா என்று நிற்கும். மினிபஸ்ஸில் கொண்டக்டர் "கெதியா ஏறுங்கோ, கெதியா ஏறுங்கோ, றைற்" என்று கத்தும்போது அந்த ஆவன்னாவும் அரைவாசிதான் கேட்கும்.

"கெதியா வாறன்", "கெதியில வாறன்", ரெண்டும் ஒண்டுதானே?

இல்லை. இதில் ஏமாந்த பிள்ளைகள் கனபேர். "கெதியா வாறன்" என்றால் வேகமாக வருகிறேன், இப்போதே புறப்பட்டுவிட்டேன். "கெதியில வாறன்" என்றால் கூடிய சீக்கிரம் வருவேன். அந்தச் சீக்கிரம் நாளைக்கும் இருக்கலாம், அடுத்த வருடமும் இருக்கலாம். "கெதியில கலியாணச் சாப்பாடு போடுறம்" என்று சொன்ன வீட்டில் இன்னும் சாதகம்கூடப் பொருத்தம் பார்த்திருக்க மாட்டார்கள்.

ரொறன்ரோவிலிருந்து ஒரு மாமி ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் "கெதியில வாறன் பிள்ளை" என்பா. சின்னவன் மூன்று நாள் கேற்றடியில் போய் நின்று பார்த்தான். அன்றைக்குத்தான் இந்தக் கேள்வி பிறந்தது.

பெரியாக்களைப் பாத்துக் கெதியா எண்டு சொன்னா மரியாதைக் குறைவோ?

சொல்லில் மரியாதையும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. பின்னால் வரும் வினைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். தம்பியைப் பார்த்துக் "கெதியா வா". மருமகனையோ கூட வேலை செய்பவரையோ பார்த்துக் "கெதியா வாரும்". அம்மம்மாவைப் பார்த்துக் "கெதியா வாங்கோ".

ஆனால் அம்மம்மாவிடம் வெறும் "கெதியா வாங்கோ" என்றாலும் கொஞ்சம் அதட்டல் தொனிக்கும். "ஒருக்கா கெதியா வாங்கோவன்" என்று பாருங்கள், அதே அவசரம் கெஞ்சலாகிவிடும். அந்தக் கடைசி "-வன்" எங்கள் ஊரின் எண்ணெய். கதவு கிரீச்சிடாமல் திறக்கும்.

இந்தியாவில இதைச் சொன்னா விளங்குமோ?

பெரும்பாலும் விளங்காது. என் தங்கையின் மகன் சென்னையில் ஓட்டோக்காரரிடம் "அண்ணை, கெதியா போங்கோ" என்றிருக்கிறான். அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "கெதியாவா? அது எங்க சார் இருக்கு?" என்று கேட்டாராம்.

அங்கே சீக்கிரம் என்பார்கள்; நாட்டுப்புறத்தில் வெரசா, சுருக்கா. சீக்கிரம் எங்களுக்கும் விளங்கும், படம் பார்த்துப் பழகியதுதான். ஆனால் கோண்டாவிலில் ஒருத்தர் "சீக்கிரமா வாங்க" என்றால் பக்கத்தில் நிற்பவர் அவரைத் திரும்பிப் பார்ப்பார்.

எதிர்ச்சொல் என்ன? மெதுவாவோ?

மெல்ல என்றும் சொல்வோம், ஆனால் கெதியாவுக்குச் சரிக்குச் சரி நிற்கும் சொல் "ஆறுதலா". அவசரமில்லை, உங்கள் வசதிப்படி என்பது பொருள். மதுரையிலிருந்து வந்த என் சிநேகிதி குளிக்கப் போகும்போது அம்மா "ஆறுதலா குளிச்சிட்டு வாங்கோ" என்றா. சிநேகிதி என்னிடம் வந்து ரகசியமாக, "எனக்கு எதுக்கு ஆறுதல் சொல்றாங்க? வீட்ல யாருக்காவது ஏதாவதா?" என்று கேட்டாள். அவர்களுக்கு ஆறுதல் என்றால் துக்க வீட்டில் சொல்வது மட்டும்தான்.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ஆறு, அதாவது சூடு தணி. கஞ்சி ஆறும், மனம் ஆறும், ஆளும் ஆறுவார். ஆற அமர என்று தமிழ்நாட்டிலும் சொல்கிறார்களே, அதில் எங்கள் ஆறுதல் அப்படியே இருக்கிறது. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்ற பழமொழியில் இருப்பதும் அதே ஆறு.

பழைய தமிழில் இன்னொரு எதிர்ச்சொல் உண்டு, தூங்கு. "தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க தூங்காது செய்யும் வினை" என்கிறது 672ஆம் குறள். பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு வள்ளுவர் படுத்துத் தூங்கச் சொன்னார் என்று சந்தோசப்படுவார்கள். இங்கே தூங்குதல் என்றால் தாமதித்தல். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இது சுலபமாக விளங்க வேண்டும். நாங்கள் படுத்தால் நித்திரை கொள்வோம். தூங்குவது வாசலில் கட்டிய மாவிலைத் தோரணம். தொங்கிக்கொண்டு நிற்பதும் தாமதிப்பதும் ஒன்றுக்கொன்று பக்கத்து வீடுகள்தானே.

சரி, கெதி எங்கயிருந்து வந்த சொல்?

வடமொழியின் "கதி"யிலிருந்து. முதல் எழுத்தை "காந்தி"யில் வரும் காவன்னாபோல அதிர்த்திச் சொல்ல வேண்டும். இந்த அதிர்வு பின்னால் ஒரு கேள்விக்குத் தேவைப்படும். போ என்று பொருள்படும் வடமொழி வேரில் பிறந்த சொல். அசைவு, செல்லுதல், நடை, செல்லும் வழி, போய்ச் சேரும் இடம், கடைசி நிலை என்று பொருள் விரிந்துகொண்டே போகும்.

ஒவ்வொரு மொழியும் அதில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது. இந்தியில் கதி என்றால் வேகம். மலையாளத்தில் கதிகேடு என்றால் வழியற்ற நிலை. சிங்களத்தில் ஓர் ஆளின் "கதி" என்றால் அவருடைய சுபாவம், குணம். ஆள் நடக்கிற விதம் ஆளின் விதமாகிவிட்டது. தமிழில் "நீயே கதி" என்று கும்பிடும்போது புகலிடம், "என்ன கதியானானோ" என்று அழும்போது நிலைமை. யாழ்ப்பாணத்தில் குசினியிலிருந்து கத்தும்போது வேகம்.

கதி எண்டா வெறும் நடைதானே? மெதுவான நடையும் கதிதானே? அப்ப எப்பிடிக் "கெதியா" விரைவாச்சு?

நல்ல கேள்வி. கேட்டது லண்டனில் கணக்குப் படிக்கும் பிள்ளை. உயரம் என்பது ஓர் அளவு மட்டும். குட்டை மரத்துக்கும் ஓர் உயரம் இருக்கிறது. ஆனால் "உயரமான மரம்" என்றால் நெடிய மரம். விலை எல்லாச் சாமானுக்கும் உண்டு, "விலையான சாமான்" என்றால் கூடிய விலை. வயது பிறந்த பிள்ளைக்கும் உண்டு, "வயசான ஆள்" என்றால் கிழவர். தமிழில் அளவுப் பெயரோடு -ஆன, -ஆ சேர்ந்தால் அந்த அளவு கூடுதலாக இருக்கிறது என்றுதான் பொருள் எடுப்போம். கெதியும் அப்படித்தான். நடை எதுவாகவும் இருக்கலாம், கெதியா என்றால் கூடிய நடை.

கதி ஏன் கெதி ஆச்சு? எங்கட ஆக்களின்ர சோம்பல் உச்சரிப்போ?

சோம்பல் இல்லை. இந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்த கேள்வியே இதுதான்.

வடமொழியில் க, ச, த, ப வரிசைகளில் அதிர்ந்து ஒலிக்கும் எழுத்துகள் தனியே உண்டு. தமிழில் சொல்லின் முதலில் அந்த அதிர்வுக்கு இடமில்லை, எழுத்தும் இல்லை. ஆனபடியால் அப்படித் தொடங்கும் சொற்கள் தமிழுக்குள் வரும்போது அதிர்வை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் அகரத்தை எகரமாக்கிக்கொண்டு வந்தன. கங்கை பேச்சில் கெங்கை, கருடன் கெருடன், கம்பீரம் கெம்பீரம், ஜபம் செபம், ஜயம் செயம், தண்டம் தெண்டம், பலம் பெலம். தேவாலயத்தில் செபமும் பெலனும் இன்றைக்கும் அச்சிலேயே இருக்கின்றன. இணுவிலில் பிறந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் (1933–1975) பெயரைப் பாருங்கள். தட்சிணா அங்கே தெட்சணா. தவிலில் திஸ்ர கதி, சதுஸ்ர கதி என்று சொல்கிறார்களே, அதுவும் நம்முடைய இந்தக் கதியேதான்.

அதிராத எழுத்தில் தொடங்கும் வடசொற்களைப் பாருங்கள். கதை, கவி, கமலம், கருணை, சந்திரன், பதி, பட்சி. ஒருவரும் கெதை என்பதில்லை, பெதி என்பதில்லை. கதி, பதி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழில் எழுதினால் முதலெழுத்து மட்டும் வேறு. ஆனால் ஒன்று அதிர்ந்து பிறந்தது, கெதியாயிற்று. மற்றது அதிராமல் பிறந்தது, பதியாகவே இருந்துவிட்டது. இரண்டொரு விலக்கு உண்டு, பெரும்போக்கு இதுதான். எழுத்தில் தொலைந்த ஓர் ஒலியின் அடையாளத்தைப் பக்கத்து உயிர் இத்தனை நூற்றாண்டாகக் காத்து வைத்திருக்கிறது. அதைப் போய்ச் சோம்பல் என்றால் எனக்குக் கோபம் வரும்.

இது போர்த்துக்கேயச் சொல் எண்டு ஒருத்தர் அடிச்சுச் சொன்னார். கதிரை மாதிரி.

யாழ்ப்பாணத்தில் விளங்காத சொல் எல்லாவற்றையும் போர்த்துக்கேயர் தலையில் கட்டும் பழக்கம் உண்டு. 1619இலிருந்து 1658வரை அவர்கள் இங்கே ஆண்டார்கள், சொற்களும் விட்டுப் போனார்கள்: கதிரை, சப்பாத்து, அலவாங்கு, குசினி, யன்னல். பின்னால் வந்த ஒல்லாந்தர் கந்தோரையும் கக்கூசையும் தந்தார்கள். பெரும்பாலும் சாமான்களும் இடங்களும். "கெதியா வா" என்பதற்கு அவர்களை எதிர்பார்த்து நாங்கள் இருக்கவில்லை.

அதோடு கதிரையே எனக்குச் சாட்சி சொல்கிறது. போர்த்துக்கேய மொழியில் அந்தச் சொல்லின் முதலெழுத்து அதிராதது. மேலே சொன்ன விதிப்படி அது கதிரையாகவே நின்றது, கெதிரை ஆகவில்லை.

கடுகதி ரயிலில இருக்கிற கதியும் இதுதானோ?

அதேதான். இந்தியாவில் விரைவு வண்டி, இங்கே கடுகதி. யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய காலத்திலிருந்து கடுகதி என்ற சொல் எங்கள் காதில் இருக்கிறது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றுபோயிற்று. 2014 ஒக்டோபரில் திரும்பி வந்தபோது, ரயிலையே காணாமல் வளர்ந்த பிள்ளைகள் பிளாட்போமில் நின்று பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். சொல் மட்டும் பஸ்களில் தொற்றிக்கொண்டு அந்தக் காலத்தையும் கடந்து வந்திருந்தது.

இதை ஒருவரும் கடுகெதி என்பதில்லை. எழுத்து வழியாக வந்த சொல், ஆனபடியால் எழுத்துப்படியே வாயிலும் நிற்கிறது. கெடுகதி என்று மாறிச் சொல்லிவிடாதீர்கள், அந்த வண்டி வேறிடத்துக்குப் போகும்.

அகராதியில தேடினன், கெதியா இல்லையே?

-ஆவைக் கழற்றிவிட்டுக் கதியில் தேடுங்கள். மானிப்பாயில் 1842இல் அச்சான யாழ்ப்பாண அகராதி தொடக்கம் எங்கள் ஊருக்கும் அகராதிக்கும் நெருங்கிய உறவு. 1924க்கும் 1936க்கும் இடையில் வந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் யாழ்ப்பாண வழக்குக்கென்று தனிக் குறியே போட்டிருக்கிறார்கள். அதைப் புரட்டிக்கொண்டு இருந்தால் பொழுது போவது தெரியாது. எனக்குப் பல மத்தியானங்கள் அப்படிப் போயிருக்கின்றன.

சுறுக்கா, டக்கெண்டு, வெள்ளன... இதெல்லாம் கெதியாதானே? ஏன் இத்தனை சொல்?

ஒன்றுக்குப் பதில் ஒன்றைப் போட்டால் அம்மம்மா உடனே திருத்துவா. அதிலிருந்தே வேறு வேறு என்று தெரிகிறது.

வெள்ளன என்பது வேகம் இல்லை, நேரத்தோடு. "வெள்ளன வா" என்றால் ஓடி வரத் தேவையில்லை, முன்கூட்டியே வா. வெள்ளென என்பதன் தேய்வு. வெள் என்றால் வெண்மை, வெளிச்சம். கிழக்கு வெளுக்கும் நேரத்துச் சொல் இப்போது எந்த நேரத்துக்கும் வந்துவிட்டது, "பின்னேரம் வெள்ளன வா" என்றுகூடச் சொல்கிறோம். தேருக்கு முதல்நாள் இரவு அம்மா சொல்வதைக் கேளுங்கள்: "வெள்ளன எழும்பினா ஏன் கெதியா எண்டு நான் கத்தப்போறன்?" இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

டக்கெண்டு என்பது தொடங்கும் கணத்தைக் குறிக்கும். "கெதியா ஓடினான்" என்றால் ஓட்டம் வேகம். "டக்கெண்டு ஓடினான்" என்றால் யோசிக்காமல் உடனே புறப்பட்டான். பிறகு மெல்ல ஓடினானோ என்னவோ. ஒலியோடு "எண்டு" சேர்த்துச் செய்த சொல் இது. சட்டெண்டு, படக்கெண்டு, பொசுக்கெண்டு எல்லாம் இந்தக் குடும்பம். "விசுக்கெண்டு போயிட்டாள்" என்றால் விரைவு மட்டும் இல்லை, கோபமும் உண்டு. பாவாடை வீசின காற்று எங்கள் முகத்தில் பட்டது. "கிடுகிடெண்டு படியேறினான்" என்பதற்கும் வேலி அடைக்கிற கிடுகுக்கும் சம்பந்தம் இல்லை. ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள்.

சுறுக்கா இப்போது வயது போனவர்களின் வாயில்தான் கூட. எறும்பு சுறுக்கெண்டு கடிக்கும், ஊசி சுறுக்கெண்டு ஏறும், அந்தச் சுறுக்கு. றகரம் போடுங்கள். சுறுக்கா வேலை செய்கிறவர் வேகமானவர் மட்டும் அல்ல, கூர்மையானவரும்.

ஓட்டம் எல்லை மீறினால் சொற்களும் எல்லை மீறும். குதிக்கால் பிடரியில் அடிபட ஓடுவார்கள், விழுந்தடித்துப் போவார்கள், பறந்தடித்து வருவார்கள். ஒன்றுக்காக அலைந்து திரிகிறவரை "ஆலாப் பறக்கிறார்" என்போம். ஆலா கடற்பறவை. பண்ணைப் பாலத்தில் நின்று பார்த்தால் தண்ணீருக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்து தலைகீழாகப் பாய்வது தெரியும். தள்ளுபடி என்று பலகை போட்ட புடவைக்கடை வாசலிலும் தெரியும்.

அவசரமாவது தமிழ்ச் சொல்தானே?

அதுவும் வடமொழி. அங்கே அவசரம் என்றால் தருணம், வாய்ப்பு, இடைவெளி. இந்தியிலும் மலையாளத்திலும் இன்றைக்கும் வாய்ப்பு என்றுதான் பொருள். தெலுங்கில் தேவை. கன்னடத்தில் நம்மைப்போல அவசரம். சிங்களத்தில் "அவசர" என்றால் அனுமதி. கொழும்பில் புதிதாக வேலைக்குப் போன எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் சிங்கள அறிவிப்பில் அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டி வாசித்து, ஏதோ பெரிய அவசரம் என்று ஓடிப்போய் நின்றான். அங்கே எழுதியிருந்தது, அனுமதியில்லாமல் உள்ளே வரவேண்டாம் என்று.

தருணம் தவறினால் போய்விடும், அதனால் விரைய வேண்டும். அந்த விரைவையே நாங்கள் பொருளாக்கிவிட்டோம்.

அந்தரப்படாத எண்டுறீனம், ஆத்திரப்படாத எண்டுறீனம். ரெண்டும் அவசரப்படாததோ?

அந்தரம் என்றால் இடைவெளி, நடுவெளி. அந்தரத்தில் தொங்குகிறவருக்குக் கால் ஊன்ற இடமில்லை. அந்தத் தவிப்புத்தான் எங்கள் அந்தரம். "ஏன் அந்தரப்படுறியள்?" என்றால் கால் அவசரப்படுவதைவிட மனம் தவிப்பதைத்தான் சொல்கிறோம். விருந்துக்குப் போன இடத்தில் பேச ஆளில்லாமல் இருந்தால் அதுவும் "அந்தரமா இருக்கு".

ஆத்திரம் இப்போது கோபமாகிவிட்டது. முன்பு அதற்குப் பதற்றம், அவசரம் என்ற பொருளும் நன்றாகவே வழங்கியது. "ஆத்திர அவசரத்துக்கு உதவும்" என்று காசை முடிந்து வைப்பதில் கோபம் எங்கே இருக்கிறது? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதையும் அந்தப் பொருளில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

அம்மம்மா "கெதிகெட்டது" எண்டு ஏசுறா. வேகம் இல்லாதது எண்டோ?

இல்லை ராசா, அது வேறு கிளை. மேலே கதியின் பொருள்களில் கடைசி நிலை, புகலிடம் என்று சொன்னேனே, அது. போக்கிடம் இல்லாதவன், நல்ல நிலை அடையாதவன். வேகம் இல்லாதவனுக்கு அம்மம்மாவிடம் வேறு பட்டங்கள் இருக்கின்றன.

பரீட்சைக் கட்டுரையில கெதியா எண்டு எழுதலாமோ?

கட்டுரையில் விரைவாக. கதையில் ஆட்கள் பேசும் இடத்தில் கெதியாதான்; அங்கே யாழ்ப்பாணத்து ஆச்சி "விரைவாக வருவாயாக" என்றால் வாசிக்கிறவர் சிரிப்பார்.

"கதழ்வும் துனைவும் விரைவின் பொருள" எண்டு தொல்காப்பியத்திலயே இருக்கு. குறளிலயும் கதுமென எண்டு வருது. பிறகேன் கெதியை வடசொல் எண்டுறியள்? தூய தமிழ்தானே?

இதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தேத்தண்ணி ஆறும்வரை வாதாடினோம், ஆனபடியால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கதழ், துனை இரண்டும் நல்ல தமிழ், விரைவுப் பொருளும் உண்மை. அந்தப் பட்டியலை நானே நீட்டித் தருகிறேன். கடி என்ற உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் பத்துப் பொருள்களில் விரைவும் ஒன்று. கடிது வந்தான் என்கிறோம். திருப்பாவையில் "ஒல்லை நீ போதாய்" என்று எழுப்புகிறாள் ஆண்டாள். ஒல்லை என்றாலும் விரைவு. விரைவுக்குத் தமிழில் பஞ்சமே இருந்ததில்லை. அதனால் கெதி நம்முடையதாக இருந்தே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கதுமென வருவது 1173ஆம் குறளில், "கதுமெனத் தாநோக்கித் தாமே கலுழும்". கண்கள் தாமே அவசரப்பட்டுப் பார்த்துவிட்டு இப்போது தாமே அழுகின்றன என்கிறாள் தலைவி. இந்தக் கதும் என்ன வகைச் சொல் என்று பாருங்கள். ஒலிக்குறிப்போடு "என" சேர்ந்தது. அதாவது மேலே சொன்ன டக்கெண்டுவின் கொள்ளுப்பாட்டி. எங்கள் குசினியில் ஒரு பிள்ளை "டக்கெண்டு பாத்திட்டன்" என்று சொல்லும்போது வள்ளுவரின் இலக்கணம் அப்படியே நடக்கிறது. கெதி அந்த வகை இல்லை. அது பெயர்ச்சொல், வேற்றுமை ஏற்றுக் கெதியில என்று வரும். கதுமில என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

இன்னொன்று அந்த எகரம். கதவு, கதிர், கதறு, கதுப்பு, கதழ் எல்லாம் தமிழ்ச் சொற்கள். ஒன்றையாவது நாங்கள் கெதவு, கெதிர் என்கிறோமா? தமிழ்ச் சொல் முதலில் அதிர்வதில்லை, ஆகவே மாறுவதற்குக் காரணமும் இல்லை. கெங்கை, கெருடனோடு வரிசையில் நிற்கும் கெதி, எங்கிருந்து வந்தது என்பதைத் தன் முதலெழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. ஆசிரியர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் எழும்பிப் போகும்போது மனைவியைப் பார்த்து "கெதியா வாரும்" என்றுதான் கூப்பிட்டார்.

எங்கட விஞ்ஞானப் புத்தகத்தில கதி வேற, வேகம் வேற எண்டு இருக்கு. அப்ப அம்மா கத்துற கெதியா கதியோ, வேகமோ?

பக்கத்து வீட்டுச் சாதாரணதரப் பிள்ளையின் கேள்வி. இலங்கைப் பாடப்புத்தகத்தில் கதி என்றால் இவ்வளவு நேரத்தில் இவ்வளவு தூரம், திசை பற்றிய கவலை இல்லை. அதற்குத் திசையும் சேர்ந்தால் வேகம். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் முதலாவதை வேகம் என்றும் இரண்டாவதைத் திசைவேகம் என்றும் போட்டிருப்பார்கள். இணையத்தில் அவர்களுடைய பாடத்தைப் பார்த்துப் படிக்கிறவர்கள் இதில் கவனமாக இருங்கள், புள்ளி போகும்.

வேகம் நேரத்தோடு கூடினால் எங்கள் புத்தகத்தில் ஆர்முடுகல், குறைந்தால் அமர்முடுகல். தமிழ்நாட்டில் முடுக்கம். முடுகு என்றால் விரை, நெருக்கித் தள்ளு. திருப்புகழில் குற்றெழுத்துகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மூச்சு வாங்க ஓடும் வரிகளுக்கும் முடுகு என்றுதான் பெயர். கோயிலில் கேட்டதைப் பௌதிகத்தில் கண்டால் வெருள வேண்டாம்.

இனி அம்மாவுக்கு வருவோம். குசினியிலிருந்து "கெதியா!" என்று மட்டும் கத்தினால் அது கதி. "கெதியா வா" என்றால் திசையும் வந்துவிட்டது, குசினிப் பக்கம், ஆகவே வேகம். இரண்டாம்தரம் அகப்பையோடு வாசலுக்கு வந்து கத்தினால் ஆர்முடுகல்.